ஒலிபெருக்கியில் பெரியம்மா

என் பெரியம்மா ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார். வருகிறவர்களின் காலைப் பிடித்து அளவு பார்த்து, பெட்டி பெட்டியாக இறக்கி, மாட்டிவிட்டு, "நடந்து பாருங்க" என்று சொல்லி, அவர்கள் ஒன்றும் வாங்காமல் போனால் அத்தனையையும் திரும்ப அடுக்குகிற வேலை. கடையில் ஈ ஓட்டுகிற நேரத்திலும் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். உட்கார்ந்தால் கடை தூங்கி வழிகிற மாதிரி தெரியுமாம். அவர் மட்டும் கல்லாவில் சாய்வு நாற்காலியில் கிடப்பார்.

பெரியப்பா போன அடுத்த வருடமே என் அப்பாவும் போய்விட்டார். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு வந்த இரண்டு பெண்களும் அதன் பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பெரியம்மா சம்பாதித்தார், அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார், என்னைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அதை யாராவது உச்சுக்கொட்டினால், "இவ ஒருத்தி போதாதா?" என்று என்னைக் காட்டிக் கடுகடுப்பார்.

அம்மாவுக்கு வாய் ஓயாது. காலையில் கண் திறக்கும்போது வாயும் திறக்கும். பெரியம்மா ம் கொட்டுவார். அந்த வீட்டில் பேச்சு என்றால் அதுதான், அது எங்களுக்கெல்லாம் பழகிப்போன ஒன்று.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் ஒரு கலைஞர் வந்து கையை விட்டார். நிஜமாகவே கையைத்தான் விட்டார். செருப்புக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கண்காட்சிக் கூடம். அதன் நடுவில் பலகைத் தடுப்பு, தடுப்பில் ஓர் ஓட்டை. இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டைக்குள் கையை நீட்டினால், அந்தப் பக்கம் இருக்கிற அவர் பிடித்துக்கொள்வார். முகம் தெரியாது. யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொல்ல வேண்டும். அவர் பதில் பேச மாட்டார். 'தனிமையை உடைக்கும் நிகழ்வு' என்று வாசலில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் சொன்னதைப் பதிவு செய்து, வேண்டிய துண்டை மட்டும் வெட்டியெடுத்து, தெருவைப் பார்த்த ஒலிபெருக்கியில் ஓட விடுவார்கள் என்பதையும் போட்டிருந்தார்கள், எறும்பு ஊர்கிற எழுத்தில்.

பெரியம்மா மதிய இடைவேளையில் உள்ளே போனார். நாற்காலி இருக்கிறதே என்றுதான் போனார். வேறு எந்தக் கலையும் அவரை உள்ளே இழுத்திருக்காது.

அம்மா கடைத்தெருவுக்கு பல்பு வாங்கப் போனவர், அந்தக் கூடத்து வாசலில் நின்றுவிட்டார். தலைக்கு மேலே பெரியம்மாவின் குரல். அந்தக் கரகரப்பு ஆயிரம் பேர் நடுவிலும் தெரியும். "வீட்டுக்குப் போனா பேசறதுக்கு ஆள் இல்ல." காது கேட்டது சரிதானா என்று அது திரும்ப வரும்வரை நின்று இன்னொரு தரம் கேட்டார். வீட்டுக்குப் போனார், துணியைப் பையில் திணித்தார், நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எனக்கு ஒரு மூலை குடு. நான் ஆளே இல்லையாம்."

நடந்ததைச் சொல்லி முடித்தவர், அதோடு வாயை மூடினார். அம்மா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. சமையலறையில் பாத்திரம் மட்டும் பேசியது. என் வீட்டுக்காரர் பயந்துபோய், "நான் ஏதாவது பண்ணிட்டனா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கத்துவது என் தொழிலில் பாதி. மறுநாள் அந்தக் கூடத்துக்குப் போய்க் கத்தினேன். கலைஞர் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தார். மெல்லிய குரல், மெல்லிய சட்டை, நெஞ்சில் கை.

"அந்த வரியை எடுங்க. எங்க குடும்பம் பிரிஞ்சு கிடக்குது," என்றேன்.

"அது இப்ப அவங்களோடது மட்டும் இல்லீங்க. கேக்கற எல்லாரோடதும்."

"எல்லாரும் உங்க வீட்டுல வந்து படுத்துக்கறாங்களா? எங்கம்மா என் வீட்டுல படுத்திருக்காங்க."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "உங்க கோபம் ரொம்ப உண்மையா இருக்கு. அதைப் பதிவு பண்ணிக்கலாமா?"

நான் அப்போது சொன்னதை இங்கே எழுத முடியாது. ஒலிபெருக்கியிலும் அது வரவில்லை.

அதே சூட்டில் பக்கத்துக் கடைக்குப் போனேன். பெரியம்மா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். "நீங்களா அப்படிச் சொன்னீங்க?"

"நான்தான். பொய்யா சொன்னேன்?"

"அம்மா உங்ககூடத்தானே இருக்காங்க?"

"இப்ப இல்லையே. சொன்னது நெஜமாயிடுச்சு. போ, முதலாளி பார்க்கறான்."

எனக்கு அவர்மேலும் ஆத்திரமாக வந்தது. அத்தனை வருடம் ஒன்றாக உண்டு உறங்கியவளை ஊர் சிரிக்க வைத்துவிட்டு, இந்த வீம்பு எதற்கு? இரண்டு பேரும் எப்படியோ போங்கள் என்று வந்துவிட்டேன்.

விடுமுறை நாளில் பெரியம்மா தானாகவே வந்தார். எங்கள் மாடிப்படி ஏறி வர வெகுநேரம் ஆனது. வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"கெளம்பு, போலாம்," என்றார் அம்மாவிடம்.

"எங்கக்கா? ஆள் இல்லாத வீட்டுக்கா?"

"வாயைக் கிளறாத."

"மூஞ்சி தெரியாதவன் கையைப் பிடிச்சுச் சொல்லத் தெரியுது. எதிர்ல உக்காந்து சாப்பிடறவகிட்ட சொல்ல வாய் வரலையா?"

பெரியம்மா வெடித்தார். "எப்படி வரும்? பக்கத்து வீட்டுக்காரி பொண்ணு, எதிர் வீட்டு நாய், டிவில அழறவ, எல்லாரைப் பத்தியும் சொல்லுவ. நீ எப்படிக்கா இருக்கன்னு என்னிக்காவது கேட்டியா? ம் கொட்டிக் கொட்டியே என் வாய் செத்துப்போச்சு. அந்த ஆள் ஒண்ணுமே பேசல. அதனாலதான் சொன்னேன்."

அம்மாவின் முகம் கன்றிப்போனது. குறுக்கே பேசப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சரி. இப்ப என்கிட்ட சொல்லு. நான் வாயைத் திறக்கல."

சொல் என்றதும் பெரியம்மாவுக்குச் சொல்ல வரவில்லை. முந்தானையைத் திருகினார், என்னைப் பார்த்தார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடைல அடுத்த மாசத்துலேருந்து வர வேணாம்னுட்டான்," என்றார் கடைசியில். "முட்டி போட்டா எந்திரிக்க முடியல. வந்தவங்க தோளைப் பிடிச்சு எந்திரிப்பேன். ஒரு பொம்பள சீன்னு கையைத் தட்டி விட்டுட்டா. முதலாளி பார்த்துட்டான். ராத்திரி வலில உக்காந்தே இருப்பேன். நீ தூங்கிட்டிருப்ப."

"அந்த ஆளுகிட்ட இதையும் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இதைத்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை நடுவுல வந்தது."

இவ்வளவையும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்திருக்கிறான். வேலை போகிறது, முட்டி வலிக்கிறது என்பதெல்லாம் தெருவில் ஓட விடுகிற அளவுக்கு அழகாக இல்லை போலிருக்கிறது.

அம்மா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். பிறகு, அடிக்க வருகிறவர் மாதிரி கேட்டார்.

"எந்த முட்டி?"

பெரியம்மா திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"எந்த முட்டின்னு கேக்கறேன்ல?"

"ரெண்டும்தான்டி," என்றார் பெரியம்மா, அவரும் கோபமாகத்தான். சொல்லிவிட்டு அழுதார்.