அவள் கேட்காத கேள்விகள்

எழுபதுகளில் நான் எழுதிய கதைகளில் எல்லோரும் நிறையப் பேசினார்கள். கோபம் வந்தால் ‘எனக்குக் கோபம் வருகிறது’ என்றார்கள். பிரிகிறவர்கள் ஏன் பிரிகிறோம் என்று விளக்கிவிட்டுப் பிரிந்தார்கள். பகல் முழுக்க ஆபீஸ் ஃபைலில் குறிப்பு எழுதுகிறவனுக்கு வேறு எப்படி வரும்? மதராஸ் பத்திரிகை ஒன்றிலிருந்து, வசனம் இயல்பாக இல்லை என்று ஒரு வரி எழுதிக் கதையைத் திருப்பியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

இயல்பைத் தேடி தில்லி கோல் மார்க்கெட்டில் காய்கறிக் கடைகளின் முன்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நம்மவர்கள் பேச்சில் விழும் அச்சாவையும் ஜல்தியையும் பொறுக்கிவந்து, தாளிப்பில் கடுகு போடுவதுபோல வசனத்தில் போட்டேன். பேச்சு தில்லிப் பேச்சாயிற்று. பேசிய ஆட்கள் பழையபடியேதான் இருந்தார்கள்.

அப்படி இருக்கையில் ஐப்பசியில் ஒரு நாள் முற்பகல், ஆபீசுக்கு ட்ரங்க் கால் வந்தது. திருநெல்வேலியிலிருந்து என் மனைவியின் தம்பி. இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசினான்.

“அத்தான், அப்பா காலையில தவறிட்டாக. சாயந்தரமே எடுத்திருவோம். அக்காகிட்ட சீரியஸ்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வாங்க.”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. தகப்பன் செத்ததைத் தூரத்தில் இருக்கும் மகளிடம் நேராகச் சொல்லமாட்டார்கள். சீரியஸ் என்று சொல்லி, பிறந்த வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தில்லியில் இருப்பவர்களுக்கு அந்த வாசல் மூன்று ராத்திரி தூரத்தில் இருந்தது. அத்தனை தூரமும் அவளை ஏமாற்றிக்கொண்டு போகவேண்டும்.

பஸ்ஸில் வரும்போது பதில்களைத் தயார் செய்தேன். எந்த ஆஸ்பத்திரி, யார் டாக்டர், நினைவு இருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு. இந்த ஒரு வசனமாவது இயல்பாக வரட்டும் என்று வேறு நினைத்தேன். அந்த நேரத்திலும் புத்தி அப்படிப் போயிற்று.

குவார்ட்டர்ஸின் பின்பக்கம் வெயிலில் உட்கார்ந்து அவள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். மார்கழியில் எங்களோடு வந்து இருப்பதாகச் சொல்லியிருந்த அப்பாவுக்கு. ஒரு கை பாக்கி.

“மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸாம்,” என்றேன். “உன் தம்பி போன் பண்ணுனான். இன்னைக்கு வண்டிக்கே கிளம்பணும்.”

ஊசிகளை நூற்கண்டில் குத்தி வைத்தாள். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

“பால் பூத்துல நாளையிலருந்து வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருதேன். பாப்பாவைப் பக்கத்து வீட்டு பாபிஜிகிட்ட விட்டிருவோமா? பரீட்சை நேரம்.”

“விட்டிருவோம்.”

பெட்டி அடுக்கும்போது, நடிப்பு கலைந்துவிடக் கூடாதே என்று, “மாமாவுக்குப் பின்னுனதை எடுத்துக்கலையா?” என்று கேட்டேன்.

“அங்க அடிக்கிற வெயில்ல என்னத்துக்கு?” என்று சொல்லி, அதைக் கட்டிலடி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிறகு அடுப்பு கேஸை மூடியாயிற்றா என்று கேட்டாள். போய் மூடினேன்.

ஆஸ்பத்திரி எது என்று கேட்கவில்லை. என்ன உடம்புக்கு என்றுகூடக் கேட்கவில்லை. என் கதையில் வரும் மகள் என்றால் அரைப் பக்கத்துக்குக் கேட்டிருப்பாள். நான் இதுவரை எழுதியது எதுவும் பேச்சே இல்லை என்று அந்தச் சமையலறையில் நின்றபோது புரிந்தது. புரிந்து என்ன லாபம், எனக்குப் பயமாக இருந்தது. இவளுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை நம்பிவிட்டாளா? நம்பியிருந்தால் அது இன்னும் மோசம்.

ரயிலில் சாதாரணமாகத்தான் இருந்தாள். எதிர் சீட்டு சர்தார் குடும்பத்துக்கு எங்கள் இட்லியில் பாதியைக் கொடுத்து, மிளகாய்ப்பொடியை எப்படி அரைப்பது என்று ஹிந்தியில் சொன்னாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. ஊரில் எல்லாம் முடிந்து சாம்பலும் ஆறியிருக்கும். இன்னும் இரண்டு ராத்திரி இவளை உயிரோடிருக்கும் அப்பாவைப் பார்க்கக் கூட்டிப்போவதுபோல் கூட்டிப்போவது அக்கிரமம் என்று பட்டது. வழக்கமாவது மண்ணாவது. நாக்பூரில் சர்தார் குடும்பம் இறங்கியதும் ஆரம்பித்தேன்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மாமா...”

“வேண்டாம்,” என்றாள். குரல் உயரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. “நீங்க வேளை கெட்ட வேளையில வந்து நின்னப்பமே எனக்குத் தெரியும். ஊர்ல போய் அம்மா முகத்தைப் பாத்தா எப்படியும் தாங்கப் போறதில்ல. அதுவரைக்கும் அப்பாவுக்கு சீரியஸாவே இருக்கட்டும்.”

சரி என்றேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்து எந்த ஸ்டேஷன் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.