வலைக் கிழிசல் வழியே போன கோல்

எங்கள் கோவில்பட்டி ஹாக்கி கிளப்பின் விழா மலருக்காக, மறக்க முடியாத ஆட்டங்களைத் தேதி வாரியாகத் தொகுத்தேன். ஓர் இறுதி ஆட்டத்தை மட்டும் நீக்கச் சொன்னார் கிளப் தலைவர். தீப்பெட்டி ஆலை முதலாளி.

"தோத்த கதை எதுக்கு அண்ணாச்சி? ஊரே சிரிக்கும்."

அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் நாங்கள் அடித்த பந்து, பக்கவாட்டு வலையிலிருந்த கிழிசல் வழியாக உள்ளே போனது. நடுவர் கோல் கொடுத்தார். எங்கள் கேப்டன் செல்லத்துரையே கையைத் தூக்கி, அது கோல் இல்லை என்று சொல்லிவிட்டான். ஆட்டம் சமனில் முடிந்து, பெனால்டியில் தோற்றோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இன்றும் அவனை "வாங்க வள்ளலே" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அவனுக்கும் அதுதான் நல்லது என்று நினைத்து, நீக்கச் சம்மதித்தேன். ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவனுடைய செல்போன் கடைக்குப் போனேன்.

"எடுக்காதீங்க அண்ணாச்சி," என்றான், பிரித்து வைத்திருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேலி பண்ணுதவன் பண்ணிட்டுப் போறான். நாளைக்கு ஆடுனாலும் கையத் தூக்கத்தான் செய்வேன்."

அங்கிருந்து நேரே தலைவரிடம் போனேன். "அந்த ஆட்டம் இல்லாம மலர் கிடையாது முதலாளி. வேணும்னா வேற ஆள வச்சு எழுதிக்கிடுங்க."

வென்ற கோப்பைகளை எண்ணியே இந்த அணியைத் தெரிந்துகொண்டதாக இத்தனை காலம் நினைத்திருந்தேன். தலைவர் இன்னும் பிடி கொடுக்காததால் மலர் அச்சுக்குப் போகவில்லை. நானும் ஒரு வரியைக்கூட எடுப்பதாக இல்லை.