கண்ணாடிக்குள் நாலாம் நம்பர்

வாங்க, வாங்க. இந்தப் படியிலேயே உட்காருங்கள், நிழல் இருக்கிறது. முழங்கால் வலி தேவலையா? பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? நல்லது. உள்ளே ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. எங்கள் கோச் ரெஜினா மேடத்தின் நினைவாக நடக்கிற ஆட்டம். வெயில் ஏறிவிட்டது, பந்து இன்னும் தரையில் படவில்லை. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். நான் இந்த இன்ஜினியரிங் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு வேன் ஓட்டுகிறவன். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பழைய ஆட்டக்காரப் பெண் ஒருத்தி நினைவு மலருக்காக எழுதிக்கொள்கிறாள். கெட்ட வார்த்தை வந்தால் விட்டுவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவள் நிறைய விட வேண்டியிருக்கும்.

சேதி வந்தபோது நான் மணலி ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியில் ஏறும்போது சவரம் செய்துகொண்டால் இறங்கும்போது தாடி வளர்ந்திருக்கும். யாஸ்மின் போன் செய்தாள். மேடம் இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்த முதல் பாலிடெக்னிக் பெண் அவள்தான். இப்போது மணலியில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர்.

"நைனா, வண்டிய ஓரங்கட்டு."

"எங்க ஓரங்கட்றது? முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி. சொல்லு."

"நிறுத்திட்டு கேளு நைனா. மிஸ்ஸு போய்ட்டாங்க. ஹார்ட்டு. காலைல மாதா கோயிலுக்குக் கெளம்பிகினு இருந்தாங்களாம்."

பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். இறங்கிப் போய் அவன் கதவை அடித்தேன். அவன் செய்தது ஒன்றுமில்லை. ஆனால் அன்று அடிக்க எனக்கு வேறு கதவு கிடைக்கவில்லை.

மேடம் ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மகள். குரல் கோர்ட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகும். இந்தப் பக்கத்து மற்ற கோச்சுகள் எல்லாரும் பள்ளிக்கூடப் போட்டிகளுக்குப் போவார்கள். ஸ்டேட் ஆடிய பெண், ஆறடிப் பெண், மெடல் வாங்கிய பெண் என்று தேடுவார்கள். இவர் மட்டும் பாலிடெக்னிக் போட்டிக்குப் போவார். டிப்ளமா முடித்த பிள்ளைகள் இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம் அல்லவா, அதை நம்பித்தான் அணியைக் கட்டினார். அங்கேயும் ஜெயிக்கிற அணியின் பக்கம் உட்கார மாட்டார். தோற்கிற அணியின் பெஞ்சுக்குப் பின்னால் போய் உட்காருவார். என்னையும் பக்கத்தில் உட்காரவைப்பார், தனியாக உட்கார்ந்தால் ஆள் பிடிக்க வந்தது தெரிந்துவிடும் என்று.

யாஸ்மினை அப்படித்தான் பார்த்தார். அவளுடைய பாலிடெக்னிக் அணி கேவலமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரம். எதிரணிப் பெண் தனியாகப் பந்தோடு கூடைக்கு ஓடுகிறாள். மற்ற நால்வரும் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்கள். குள்ளமாக ஒருத்தி மட்டும் பின்னாலேயே ஓடிப் பந்தைத் தட்டிவிட்டுக் கம்பத்தில் மோதி விழுந்தாள். தட்டியதால் ஒரு பிரயோசனமும் இல்லை, தோல்வி தோல்விதான்.

"பாத்தியா?" என்றார் மேடம்.

"பாத்தேன். உழுந்துட்டா."

"தோத்தாச்சுன்னு தெரிஞ்சும் திரும்பி ஓட்றா. இத நான் சொல்லித் தர முடியாதுய்யா. மீதியெல்லாம் சொல்லித் தந்துடுவேன்."

நேராக வண்ணாரப்பேட்டையில் அவள் அப்பாவின் துணிக்கடைக்கு வேனை விடச் சொன்னார். அந்த பாய் நல்ல மனிதர். டீ வரவழைத்தார், உட்காரச் சொன்னார், முடியாது என்றார்.

"டிப்ளமா முடிஞ்சிடும் மேடம். வேலைக்குப் போவட்டும். பந்து போட்டா எவன் வேலை தருவான்?"

"பந்து போட்டா சீட்டு தருவான் பாய். ஃபீஸ் கெடையாது. அந்த சீட்டுல படிச்சா வேலை தருவான். மூணு வருஷம் எனக்குக் குடுங்க."

"மூணு வருஷம் கழிச்சி?"

"கழிச்சி நானே ஒங்க கடைல வந்து புடவை வாங்குறேன். இப்ப வாங்க மாட்டேன். வாங்குனா சீட்டுக்காக வாங்குனேன்னு சொல்வீங்க."

பாய் சிரித்துவிட்டார். அந்தப் புடவையை மேடம் யாஸ்மினுக்கு வேலை கிடைத்த பிறகுதான் வாங்கினார். ஊதா நிறம், அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருநாள் அவரிடம் சொன்னேன், மேடம், நீங்கள் செய்வதும் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவதும் ஒன்றுதான் என்று. புது வண்டிக்காரன் முதல் வருடம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருப்பான், கீறல் விழுந்தால் அழுவான். ஏற்கெனவே குழியில் ஓடிய வண்டி முதல் நாளே லோடு இழுக்கும். பெரிதாக ஏதோ சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவர் வேனை நிறுத்தச் சொன்னார். "புள்ளைங்கள வண்டின்னு சொல்லாத. ஏற்கெனவே ஊர்ல எல்லாரும் அதுங்கள மிச்ச சொச்சம்னுதான் சொல்லிகினு கீறாங்க" என்றார்.

மிச்ச சொச்சம் என்று சொன்னவர் வேறு யாருமில்லை, இந்தக் கல்லூரியின் தாளாளர்தான். ஒரு கோப்பையைத் தோற்றுவிட்டு வந்த அன்று, என் காதுபடவே கேட்டார்.

"ஏன் மேடம், நல்ல ஸ்கூல் ப்ளேயர்ஸே கிடைக்கலையா? டிப்ளமா பசங்களையே பொறுக்கிட்டு வர்றீங்க?"

"ஸ்கூல் ஸ்டார நாலு காலேஜ் கூப்புடுது சார். இங்க சேந்தாலும் மனசு ஒரு வருஷம் ஜன்னலுக்கு வெளியதான் கீது. என் டிப்ளமா புள்ளைய யாரும் கூப்புடல. நாம கூப்டோம். அது மறக்காது. மூணு வருஷம் பெரியவங்களோட மோதி அடி வாங்கிட்டு வந்தது, மொத மேட்ச்லயே எறக்கலாம்."

அடுத்த வருடம் அந்தக் கோப்பையை ஜெயித்தார்கள். தாளாளர் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

இனி சட்டைக்கு வருகிறேன். என் வயிறு எரிகிற இடம் இதுதான். அணியில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு சட்டை. கூடைப்பந்தில் சட்டை நாலாம் நம்பரில்தான் தொடங்கும். முதல் வருடப் பிள்ளைகள் முதலில் சேர்ந்துவிடுவார்கள். டிப்ளமா பிள்ளைகளுக்குச் சேர்க்கை முடிந்து வருவதற்கு நாளாகும். அவர்கள் வருவதற்குள் சட்டையெல்லாம் தீர்ந்துவிடும், அணி நிறைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். எல்லாக் கல்லூரியிலும் அப்படித்தான் நடக்கிறது. அதனால் மேடம் நாலாம் நம்பர் சட்டையை யாருக்கும் கொடுக்காமல் தன் பையிலேயே வைத்திருப்பார். யாராவது கேட்டால், "அவ வந்துகினு கீறா" என்பார். யாஸ்மின் போட்டது நாலு. அவளுக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு டிப்ளமா பெண்ணும் முதலில் போட்டது நாலு. அடுத்த வருடம் அவள் வேறு நம்பருக்கு மாறுவாள், நாலு மேடத்தின் பைக்குத் திரும்பிவிடும்.

இந்த வருடம் வரவேண்டியவள் சங்கீதா. சடையங்குப்பத்துப் பெண். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும், ஷூவைத் தலையில் கட்டிக்கொண்டு பிராக்டிஸுக்குப் போனவள். மேடம் அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவின் கையைப் பிடித்து, சீட்டு உறுதி என்று சொல்லிவிட்டு வந்தார். அதை நம்பி அவள் வேறு எங்கேயும் கேட்கவில்லை. பிறகு மேடம் போய்விட்டார்.

போன வாரம் நான்தான் சங்கீதாவையும் அவள் அம்மாவையும் இங்கே அழைத்துவந்தேன். புதுக் கோச் தன்மையாகத்தான் பேசினார். "டீம்ல பன்னெண்டு சட்டைங்க. பதினொண்ணு குடுத்தாச்சு. நாலாம் நம்பர இனிமே யாருக்கும் குடுக்கறதில்லைன்னு மேனேஜ்மென்ட் முடிவு. மேடமுக்கு மரியாதை." சட்டை இல்லையென்றால் அணியில் இடமில்லை, இடமில்லையென்றால் விளையாட்டு சீட்டு இல்லை. ஃபீஸ் கட்டிப் படிக்க அவர்களுக்கு வழியில்லை. சங்கீதாவின் அம்மா திரும்பிப் போகிற வழி முழுக்க ஒரே கேள்விதான் கேட்டாள்: "அந்தம்மாவுக்கு மரியாதன்னா எம் பொண்ண ஏன் வெளிய நிக்க வெக்கிறாங்க?"

இன்று காலையில் நான் உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரில் பெரிய கண்ணாடிச் சட்டம், உள்ளே நாலாம் நம்பர் சட்டை, மேலே ரோஜா மாலை. கசங்காமல் அழகாக இருக்கிறது. மேடத்தின் பையில் அது எப்போதும் கசங்கித்தான் இருக்கும். மாலை போடுகிற கைகளையும், கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுக்கொள்கிற தாளாளரையும் பார்த்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு மனுஷி ஆயுசு முழுக்கத் திறந்து வைத்திருந்த கதவை மூடி, அதன் மேலேயே அவருடைய பெயரை மாட்டிவிட்டார்கள்.

யாஸ்மினும் பழைய ஆட்டக்காரப் பெண்களும் சங்கீதாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கோர்ட்டின் நடுவட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். தாளாளர் வந்து, விருந்தினர் காத்திருக்கிறார், எழுந்திருங்கள் என்றார்.

"சங்கீதா நாலாம் நம்பர் போட்டு ஆடட்டும் சார். பேர லிஸ்ட்ல ஏத்துங்க. எந்திரிக்கிறோம்" என்றாள் யாஸ்மின்.

"அது உங்க மேடமுக்கு நாங்க செய்ற மரியாதம்மா."

"மிஸ்ஸு இருந்தா இந்தக் கண்ணாடிய இன்னா பண்ணியிருப்பாங்கன்னு ஒங்களுக்கே தெரியும் சார். நாங்க மரியாதயா கேட்டுகினு கீறோம்."

அதற்குப் பிறகுதான் நான் வெளியே வந்தேன். அங்கேயே நின்றிருந்தால் என் வாய் சும்மா இருந்திருக்காது. அரை மணி நேரமாக உள்ளே பேச்சு நடக்கிறது. உட்காருங்கள், உட்காருங்கள், முடிந்தால் தெரியும்.

மேடத்திடமிருந்து உனக்கென்று என்ன வைத்திருக்கிறாய் என்று எழுதிக்கொண்டிருக்கிற இந்தப் பெண் கேட்கிறாள், மலரின் கடைசியில் போட வேண்டுமாம். படம் இல்லை. பரிசு எதுவும் தரவில்லை. சாவு வீட்டில் எல்லாரும் அவரைச் சாந்தமானவர் என்று பேசிக்கொண்டார்கள், பொய். அவருக்குக் கோபம் வரும். வெளியே நிற்கிற ஒருத்தியைப் பார்த்துவிட்டால் அவருக்கு வருகிற அந்தக் கோபத்தைத்தான் நான் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அதை ஆற விடாமல் நான் இனிமேல்... இருங்கள், யாஸ்மின் ஓடிவருகிறாள்.

"நைனா, ஒத்துகினாங்க! பேரு லிஸ்ட்ல ஏறிடுச்சி. சட்டம் சொவத்தோட ஸ்க்ரூ போட்டு கீது, ஒன் வண்டில ஸ்க்ரூ டிரைவர் கீதா? எடுத்துகினு ஓடியா!"