ஒன்பதாவதும் பத்தாவதும் திருத்தணியில்

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரி ஊரில் சுகுணா என்ற நர்ஸும் அவருடைய தோழிகள் இருவரும், இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கும் பெண்களை ஞாயிறுதோறும் கூட்டிவைத்துக் கல்லூரிக்குத் தயார்ப்படுத்துகிறார்கள். என் பேத்தி கீர்த்தனா பதினாறு ஞாயிறு போனாள். பாடம் நடத்தாமல் அப்படி என்ன பேசுகிறார்கள் என்று பதினாறு முறையும் முணுமுணுத்தேன்.

கல்லூரிச் சேர்க்கைக்காகத் திருப்பதியில் சான்றிதழ் சரிபார்க்கும் நாள் வந்தது. சுகுணாவும் துணைக்கு வந்தார். ஃபைலில் இருந்த ஒன்பது தாள்களை வீட்டில் இரண்டு முறை, பஸ்ஸில் ஒரு முறை எண்ணினேன்.

அதிகாரி புரட்டிப் பார்த்தார். "ஒன்பதாவது, பத்தாவது தமிழ்நாட்டுல படிச்சிருக்கே. குடியிருப்புச் சான்று எங்க? அது இல்லாம சீட்டு குடுக்க முடியாதே."

தமிழ் நன்றாக வரட்டும் என்று அவளைத் திருத்தணியில் சேர்த்ததே நான்தான். பேத்தியின் படிப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா நைனா, இப்படி வேர்க்குது உனக்கு?" என்ற சுகுணா, தன் பையிலிருந்து பத்தாவதாக ஒரு தாளை, அந்தக் குடியிருப்புச் சான்றை, எடுத்து நீட்டினார். "எங்கெங்க படிச்சேன்னு கீர்த்தனாவ மொத ஞாயித்துக்கிழமையே கேட்டுட்டோம். தாசில்தார் ஆபீசுல மனு போட்டு, நேத்துதான் கைக்கு வந்துது."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"சொன்னா அந்த ஆபீசுக்குத் தெனம் நாலு தபா போய்க்கினு இருப்பே, தாத்தா."

இப்போது எங்கள் தெருவில் யாராவது பிள்ளையை எல்லைக்கு அப்பால் சேர்க்கப்போவதாகச் சொன்னால், முதலில் சுகுணாவிடம் அழைத்துப் போகிறேன். இளைய பேத்தியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறாள். எத்தனை ஞாயிறு என்று நான் எண்ணுவதில்லை.