ஈயம் பூசிய சருவம்

நேற்று மருமகள் அடுக்களையிலிருந்து ஒரு கறிச்சட்டியைக் கொண்டுவந்து என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். எண்ணெய் இல்லாமலே ஒட்டாமல் வதங்கும் என்று கடைக்காரன் சொல்லி விற்ற கறுப்புப் பூச்சுச் சட்டி. கம்பி நாரால் அழுத்தித் தேய்த்ததில் நடுவே பூச்சு உரிந்திருந்தது.

"இதுல இனி சமைக்கலாமா மாமா? வயித்துக்குக் கெடுதல்னு சொல்லுதாங்க. வேற என்ன வாங்க? ரொம்ப வெலையும் இருக்கப்படாது."

போயும் போயும் என்னிடம் கேட்கிறாளே என்று இருந்தது. பாத்திரம் தேய்ப்பதில் நான் எப்படிப்பட்ட ஆள் என்பது அவளுக்குத் தெரியாது. ஈரச் சாம்பலும் புளியும் கலந்த ஒரு மணம் உண்டே, பித்தளை தேய்க்கும்போது வருவது, அது அப்படியே மூக்கில் ஏறிவிட்டது.

என் முப்பது வயதில் நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். புதிதாகக் கல்யாணமானவன். சுகாதாரப் பாடம் என் பொறுப்பு. நகம் வெட்டாத பையனை வெளியே நிறுத்துவேன். வகுப்போடு பாடத்தை விட்டுவிட்டு வரத் தெரியாதவன், வீட்டிலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுக்களையைச் சுற்றிவருவேன்.

என் மனைவி ஞானம் தேங்காய்ப்பட்டணத்துக் கடற்கரைப் பக்கம். மீனின் செவுளைத் தூக்கி ஒருதடவை பார்ப்பாள், அவ்வளவுதான். மீன்காரி இவளிடம் பழைய மீனைக் காட்டவே மாட்டாள். "ஒங்க வீட்டம்மாட்ட ஏமாத்த முடியாது சாரே" என்று என்னிடம் குறைப்படுவாள். ஞானம் மீன்கறி வைப்பது மண்சட்டியில் மட்டும். கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த பித்தளைச் சருவம் ஒன்று உண்டு, வாய் அகன்ற பெரிய பாத்திரம். அதில் சோறு பொங்குவாள், வெந்நீர் வைப்பாள். வெளியே பொன் மாதிரி இருக்கும். உள்ளே ஈயம் பூசி மங்கலாக வெளுத்திருக்கும்.

அந்த மங்கல் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கறுத்துப்போன மண்சட்டியின் துளைகளில் கிருமி இருக்கும் என்பதும் என் கட்சி. ஒருமுறை அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, திரும்பி வந்து அசந்துபோகட்டும் என்று, மண்சட்டிகளைத் தென்னைமூட்டில் வீசிவிட்டு, மணலும் புளியும் சாம்பலுமாகச் சருவத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பொன்னாக்கிவிட்டேன்.

"ஐயோ, உள்ளயுமா தேச்சிய?" என்றாள் வந்ததும்.

"பின்னே? எவ்வளவு அழுக்கு தெரியுமா? கை வலிச்சுப்போச்சு."

"அது அழுக்கில்ல, ஈயம். இனி ஈயம் பூசுதவரு வாறது வரைக்கும் இதுல புளி ஊத்த ஒக்காது. பித்தளைக் களிம்பு எறங்கும், வெஷம்."

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல நான் பிள்ளையளுக்கு என்ன படிப்பிக்கேன்னு நெனச்சே?"

"அதான், பிள்ளையள் பாவம்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாரம் குலசேகரத்திலிருந்து என் அக்கா பிள்ளைகளோடு வருவதாக இருந்தது. விருந்துக்கு மீன்கறியை முந்தின நாளே வைத்துவிடுவார்கள். ஒரு ராத்திரி இருந்தால்தான் புளியும் உப்பும் மீனில் பிடிக்கும். ஞானம் அயிலை மீன் வாங்கினாள். பக்கத்து வீட்டில் ஒரு மண்சட்டி கேட்டுவரட்டுமா என்றாள். வாத்தியார் வீட்டில் சட்டி இரவலா என்று அதட்டினேன். சருவத்திலேயே வை என்றேன். அவள் புளியைக் கரைத்தாள்.

மறுநாள் பஸ் நிறுத்தத்துக்குப் போய் அக்காவை அழைத்துவந்தேன். கிணற்றடியில் ஞானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக் கிடந்தாள். அடுக்களையில் பாதி குடித்த பழங்கஞ்சியும் அதில் ஒரு மீன்துண்டும் இருந்தன. சருவத்தை எட்டிப் பார்த்தேன். கறியின் விளிம்பைச் சுற்றிப் பாசி நிறத்தில் ஒரு வளையம்.

அக்கா மீனைத்தான் பார்த்தாள். "கடப்புறத்துப் பக்கம் பிறந்தவளுக்கு மீன் கெட்டது தெரியல்லியா மக்கா?"

ஞானம் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஓ மைனி. கவனிக்காம வாங்கிட்டேன்" என்றாள்.

நான் சருவத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கறியைக் குழியில் கொட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவள் பிழைப்பாளா என்றே சில நாள் பயமாக இருந்தது. தேறியபோது வளையல்கள் முழங்கைவரை வழுகின. நான் கஞ்சி வைத்தேன். உப்புக் கூடிய கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தாள். தெரிந்தும் ஏன் தின்றாய் என்று கேட்டேன்.

"மைனி பிள்ளையளோட வாறா. அதான் மொதல்ல நான் தின்னு பாத்தேன்."

"கொட்டியிருக்கலாமே?"

"கொட்டினா நீங்க சும்மா விடுவியளா?"

பிறகு ஈயம் பூசுகிறவர் வந்தார். நவச்சாரப் புகைக்குள் சருவம் மறுபடி மங்கலாக வெளுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைப் போல அழகான ஒரு நிறத்தை நான் கண்டதில்லை. வடசேரிச் சந்தைக்கு ஞானத்தோடு சட்டி வாங்கவும் போனேன். விரலை மடக்கித் தட்டிக் காதோடு வைத்துக் கேட்பாள். பிறகு என் காதிலும் வைப்பாள். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

ஆனால் அக்காவின் வாய் ஓயவில்லை. எந்த விசேஷத்துக்குக் கூடினாலும், "மீனெ நல்லா பாத்தியாட்டி?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஞானமும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

மருமகளிடம் சொன்னேன்: மண்சட்டி வாங்கு, விலையும் குறைவு. மேலே மினுக்குப் பூச்சு இருந்தால் வேண்டாம். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். கஞ்சித்தண்ணி ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்கிவிட்டுப் புளி ஊற்று.

"இதெல்லாம் அத்தை சொல்லிக் குடுத்ததா? அத்தைக்கு மீன் பாக்கத் தெரியாதுன்னுல்லா சொல்லுவாங்க" என்று சிரித்தாள் அவள்.

ஈயம் பூசுகிறவர்கள் தெருவில் வருவது எப்போதோ நின்றுபோயிற்று. சருவத்தைப் பழைய பாத்திர விலைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கிவிட்டார்கள். அக்கா இல்லை. ஞானம் போயும் வருஷங்கள் ஆகின்றன. அந்தக் கேலி மட்டும் போகவில்லை.

"உக்காரு மக்கா" என்றேன். "அந்த அயிலை நல்ல மீன். செவுள் அப்படிச் செவந்து இருந்துது."