ஏழாம் பக்கத்து விநோதங்களும் எங்கள் ஒழுங்கைப் பரணும்

விநோதச் செய்தி எழுதுகிற தொழிலில் செய்தியைத் தேடிப் பிடிப்பது சுகம். அதை வாசித்துவிட்டு வீட்டுப் படலையைத் தட்டுகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

கிளிநொச்சியில் இருந்து வருகிற ஒரு சின்ன வாரப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் 'உலகத்தில் இப்படியும்' என்று ஒரு பத்தி வருகிறது. பெயர் போடாமல் அதை எழுதுகிறவள் நான்தான். கொன்வென்டில் சிஸ்டர்மார் பிரம்பு முறிய முறியப் படிப்பித்த ஆங்கிலம், இன்றைக்குத் தர்மபுரத்தில், அடுப்பில் பருப்பு கொதிக்கிற நேரத்தில், எங்கோ ஒரு நாட்டில் கோழிக்குக் காற்சட்டை தைக்கிறவளைப் பற்றித் தமிழில் எழுதத்தான் உதவுகிறது. வீட்டு வேலையோடு இன்னொரு வேலையையும் தலையில் கட்டிக்கொண்ட பெண்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும். மற்றவர்கள் விளங்காவிட்டாலும் வாசியுங்கள்.

பூசணிக்காய்

வெளிநாட்டில் ஒருவர் வளர்த்த பூசணிக்காயைத் தோட்டத்தில் இருந்து எடுக்கப் பாரந்தூக்கி கொண்டுவந்தார்கள் என்று ஒரு கிழமை எழுதினேன். பத்திரிகை வந்து மை காயமுன்னம் கனகராயன்குளத்தில் இருந்து ஒரு ஐயா பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் பத்திரிகைத் துண்டு, கக்கத்தில் மடித்த துணிப்பை. பெயர் போடாவிட்டால் என்ன, சந்தியில் தேத்தண்ணிக் கடையில் கேட்டால் என் வீட்டைக் கைகாட்டி விடுவார்கள்.

"விதை எங்கை?" என்றார். மீன் வெட்டின கையோடு நான் வாசலில் நிற்கிறேன். அந்த நாடு எந்தப் பக்கம் இருக்கிறதென்றே எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன். விரித்த பையைத் திரும்ப மடித்தார். மடித்த விதத்திலேயே கோபம் தெரிந்தது. கை கழுவித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி காணாது என்றார். குடித்து முடித்துப் படலையடியில் நின்று சொன்னார்: "விதை தர ஏலாதெண்டால் ஏன் பிள்ளை சனத்துக்கு ஆசையைக் காட்டுறியள்?"

மண்தரையில் படுக்கிறவர்கள்

இன்னொரு நாட்டில் பணக்காரர்கள் மின்சாரம் இல்லாத, கட்டில் இல்லாத கூடாரத்தில் மண்தரையில் படுப்பதற்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறார்களாம். அப்படிப் படுத்தால் மனம் அமைதியாகிறதாம். இதை மாதர் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். சிரிப்பார்கள் என்று நினைத்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். ஒருத்தரும் பல்லைக் காட்டவில்லை.

பின்வரிசையில் மரியம்மா இருந்தா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, கலியாணம் செய்து எங்கள் பக்கம் வந்தவ. கதிரையை இழுத்து முன்னுக்குப் போட்டுக்கொண்டு என்னைக் கேட்டா, நான்தான் அந்தக் கூடாரத்தை நடத்துகிறவள் மாதிரி: "சண்டைக்குப் பிறகு முகாமில நாங்களும் அப்பிடித்தானே படுத்தனாங்கள், எங்கட மனத்துக்கு மட்டும் ஏன் அமைதி வரேல்லை?"

பஸ் தரிப்பிடம்

இந்தத் தொழிலின் சட்டம் லேசானது. ஒரு நாடு, ஒரு ஆள், அவர் செய்த கூத்து, ஒரு படம். ஆளைக் கேட்கத் தேவையில்லை, ஆள் கடலுக்கு அப்பால்.

ஒருமுறை எனக்கு விசர் பிடித்து, நம்முடைய ஊரில் இல்லாத விநோதமா என்று கேட்டுக்கொண்டு, எங்கள் வீதிப் பஸ் தரிப்பிடத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நிறம் பூசி, சனம் இருக்க வாங்கு போட்டு, நாடா வெட்டித் திறந்தது. அந்த வீதியால் பஸ் ஓடுவதில்லை. மாடுகள் வந்து வரிசையாகப் படுக்கின்றன. இதைவிட உலகத்தில் என்ன வேண்டும்? ஆசிரியர் என்னைவிட இளையவர். போனில் மிகவும் பொறுமையாகச் சொன்னார், அந்தப் பொறுமையைத்தான் என்னால் தாங்க ஏலாது: "அக்கா, அது விநோதம் இல்லை. அது வழமை."

மரத்தில் வாழும் மாணவி

இனிச் சொல்லப்போவதில் ஆள் கடலுக்கு அப்பால் இல்லை.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு செல்வராணியுடையது. அவளுடைய தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து இறங்கி வந்து இங்கே காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். வீட்டுக்குப் பின்னால் கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டம், அதற்கும் பின்னால் காடு. கச்சான் முற்றுகிற காலத்தில் மயில் வரும், குரங்கு வரும், பன்றி வரும். அதனால் தோட்டத்து ஓரப் பாலை மரத்தில் பலகை கட்டிப் பரண் போட்டு, ஆள் மாறி ஆள் காவல் இருப்பார்கள். வன்னியில் காட்டோரம் கமம் செய்கிறவர்களுக்கு இது ஒரு புதினமே இல்லை. செல்வராணியின் மகள் கவிதா உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். தாய், மகள் இருவர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். பின்னேரக் காவல் அவளுடையது. பரணில் காற்று, வெளிச்சம், போனுக்குச் சிக்னல் எல்லாம் உண்டு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மயில் இறங்கினால் தகரத்தைத் தட்டுவாள்.

மோட்டார் சைக்கிளில் அந்த வழியால் போன ஒரு யூரியூப் தம்பி இதைக் கண்டான். வெளிநாட்டில் இருக்கிற நம்முடைய சனத்துக்கு வன்னியின் கஷ்டத்தைக் காட்டிக் கண்ணீர் வாங்குகிற சனல் அவனுடையது. "தங்கச்சி, இதிலயோ இருந்து படிக்கிறீங்கள்?" என்று கேட்டான். அவளும் "ஓம் அண்ணா" என்றாள். ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில். அடுத்த நாள் சோக இசையோடு வந்தது: 'வீடு இல்லாமல் மரத்தில் வாழும் மாணவி'. செல்வராணியின் வீடு கல்வீடு, ஓடு போட்டது. அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுத்திருக்கிறான், படுபாவி.

கனடாவிலும் லண்டனிலும் அழுதார்கள். இங்கே வகுப்புப் பெடியங்கள் கரும்பலகையில் குரங்குப் படம் கீறினார்கள். அவளுடைய மேசையில் வாழைப்பழம் வைத்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பரீட்சையோ கிட்ட வந்துகொண்டிருந்தது. பரணிலும் ஏறவில்லை, கச்சானில் பாதியைக் குரங்கு தோண்டித் தின்றது. செல்வராணி, நான் சமைக்கிற குசினி வாசலில் வந்து நின்றாள். மலைநாட்டுப் பேச்சு அவளுடைய நாக்கை விட்டு இன்னும் போகவில்லை: "அக்கா, படிச்சு ரீச்சரா வரணும்னு கெடந்த புள்ள, இப்ப கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கா. ஒலகத்துச் சேதியெல்லாம் எழுதுறீங்களே, இத ஒண்ண அழிக்கத் தெரியாதா?"

வற்றாப்பளைத் தாய்

அந்த யூரியூப் தம்பிக்குப் போன் எடுத்தேன். "அன்ரி, நல்லதுக்குத்தானே செய்தனான். வேணுமெண்டால் இன்னொண்டு எடுப்பம், தங்கச்சி அழுதுகொண்டு விளக்கம் சொல்லட்டும்" என்றான். தமிழில் ஏசினேன். போதாமல் சிஸ்டர்மாரின் ஆங்கிலத்திலும் ஏசினேன். அவனுக்கு இரண்டும் ஏறவில்லை.

இந்த ஊரில் வளர்ந்த ஆம்பிளையோடு கதைத்து வெல்ல ஏலாவிட்டால், அவனுடைய தாயைத் தேடிப் போவதுதான் வழி. செல்வராணியையும் இழுத்துக்கொண்டு அவனுடைய ஊரான வற்றாப்பளைக்குப் போனேன். தாய் முற்றத்தில் இருந்து இறால் கோது உரித்துக்கொண்டிருந்தா. மகனின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டா: "இந்தப் பிள்ளையின்ர வீடு எங்கை?" செல்வராணி தன் போனில் இருந்த வீட்டுப் படத்தைக் காட்டினாள். இறால் மணக்கிற கையை உதறிவிட்டு, அந்த மனுசி அதிலேயே மகனுக்குப் போன் போட்டா. நாங்கள் இரண்டு பேரும் கேட்கத் தக்கதாகச் சொன்னா: "டேய், நீ பிறந்த தறப்பாள் கொட்டிலைப் பற்றி நானும் ஒரு வீடியோ போட்டு, உன்ர கலியாணப் பேச்சுக்கு அனுப்பட்டோ?"

கடல் கடந்து வந்த செய்தி

வீடியோவை அன்றே அழித்தான். ஆனால் அதற்குள் அது எங்கெல்லாமோ பறந்துவிட்டது. அடுத்த கிழமை ஆசிரியர் வழமைபோல மொழிபெயர்க்க ஆங்கிலத் துண்டுகள் அனுப்பினார். மூன்றாவது துண்டைத் திறந்தேன். ஏதோ ஒரு நாட்டு இணையத்தளம். இலங்கைக் காட்டில் ஒரு பெண், மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வளர்ந்தவளாம். தகரம் தட்டி மயில்களோடு பேசுவாளாம். கீழே கவிதாவின் படம், முகம் மறைக்காமல்.

பருப்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு ஆசிரியருக்குப் போன் எடுத்தேன். "தம்பி, இது எங்கட ஒழுங்கை. இந்தப் பிள்ளை என்ர வீட்டில வந்து தண்ணி குடிக்கிற பிள்ளை" என்றேன். 'ஓ' என்று இழுத்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்: "அப்ப நல்லதாப் போச்சு அக்கா, வடிவா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோவன்."

போடாதேங்கோ

அந்தக் கோபத்தில் இருந்தே ஒரு மறுப்பு எழுதினேன். அந்த யூரியூப்காரனையும், வெளிநாட்டு இணையத்தளத்தையும், கரும்பலகைப் பெடியங்களையும் கிழித்துத் தொங்கவிட்டேன். நானே மெச்சும்படி வந்திருந்தது. கவிதாவிடம் கொண்டுபோனேன். கதவைக் கொஞ்சம் திறந்து, நின்ற நிலையிலேயே வாசித்தாள். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்: "பிழையா எழுதினாலும் சரியா எழுதினாலும் படத்தில இருக்கிறது நான்தானே அன்ரி. போடாதேங்கோ."

என் பத்திக்குச் செய்தியாக வந்த ஆள் ஒருவர் வாய் திறந்து என்னிடம் ஏதாவது சொன்னது அதுதான் முதல் தடவை. மறுப்பைக் கிழித்து அடுப்பில் போட்டேன். ஆசிரியருக்கு, இந்தச் செய்தி ஏழாம் பக்கத்தில் வந்தால் அடுத்த கிழமை முதல் நான் எழுதமாட்டேன் என்று சொன்னேன். என்னுடைய கூலிக்கு ஆங்கிலம் தெரிந்த வேறு ஆள் கிடைக்காதென்று அவருக்குத் தெரியும். பத்திரிகை வந்தது. ஏழாம் பக்கத்தில் மீசை நீண்ட ஒரு பூனை. செல்வராணி அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் மகளுக்கு முன்னால் விரித்து வைத்தாள். திங்கட்கிழமை காலையில் கவிதா பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு எங்கள் வீட்டைக் கடந்து போனாள். பெடியங்கள் குரங்கு என்று கத்துவதை விட்டார்களா என்றால், இல்லை. அவள்தான் அதைக் கணக்கெடுப்பதை விட்டாள்.

பரீட்சை எழுதி முடித்த பின்னேரம் அவளாகவே என் குசினிக்கு வந்து, வாங்கில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்து, பொரித்து வைத்த கச்சானைக் கொறித்தபடி உத்தரவு தந்தாள்: "இப்ப எழுதுங்கோ அன்ரி. பேரை மாத்துங்கோ. பரணுக்கு ஏணி வைச்சுத்தான் ஏறுறனான் எண்டும் எழுதுங்கோ, குரங்கு ஏணி வைச்சு ஏறுறதில்லை."

இத்தனை காலம் இந்தப் பக்கத்தை எழுதியதில் நான் கண்டது, உலகத்தில் விநோதமான மனிதர் மிகவும் குறைவு, இரண்டாவது கேள்வி கேட்கப் பஞ்சிப்பட்டுச் சோம்புகிறவர்கள்தான் எந்த நாட்டிலும் மலிவு.