கடைவீதியில் திரும்பாத பேருந்து

செவ்வாய்க்கிழமை காலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த பேருந்து என் குடைக்கடை வாசலில் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, நாச்சிமுத்து அண்ணன் தவறிட்டாருங்களாமா?" என்று கேட்டார். மஞ்சூர்க் கடைவீதியில் எனக்குத் தெரியாமல் ஈகூடப் பறக்காது என்று பெருமை பேசி வந்தவன் நான். இந்தச் செய்தி மட்டும் எஸ்டேட்டுக்குப் போய்விட்டு, என்னிடம் கடைசியாக வந்து சேர்ந்தது.

நாச்சிமுத்து அண்ணன் துணிக்கடைக்காரர். எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: அவர் குரலை உயர்த்தினால் குந்தா அணையில் தண்ணீர் பின்வாங்கும், கடையில் ஒரு ஸ்வெட்டரை எடுத்து உதறினால் ஊட்டியில் பனி விலகும். "நம்ம கடைவீதிக்கு மேல ஊரே இல்லீங்க, அப்புறம் சொர்க்கந்தான்" என்பார்.

அவருடைய மாபெரும் வெற்றியும் மாபெரும் தோல்வியும் ஒரே பேருந்தில் நடந்தன. ஊட்டியிலிருந்து மாலையில் வரும் வண்டி எங்கள் கடைவீதியைத் தாண்டி, எஸ்டேட் வரை ஏறித் திரும்பும். அது இறங்கி வரும்வரை, ஊட்டிக்குப் போக வேண்டிய நாங்கள் குளிரில் விறைத்து நிற்போம். "கடைவீதியிலேயே வண்டியைத் திருப்புங்க" என்று அண்ணன் பணிமனைக்கு நடையாய் நடந்தார். பேசியே அங்கிருந்த அதிகாரிகளைக் களைக்க வைத்துக் காரியத்தைச் சாதித்தார். முதல் நாள் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அண்ணனுக்குச் சால்வை போர்த்தினோம். மனிதன் நிலவுக்குப் போய் வந்தபோதுகூட அவ்வளவு பட்டாசு வெடித்திருக்காது.

அந்த வண்டியிலிருந்து பெண்கள் சிலர் இறங்கினார்கள். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்து, ஊட்டிப் பக்கம் கேரட் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்வருகிறவர்கள். அவர்களில் அஞ்சலை என்பவர் அண்ணனிடம் வந்தார்.

"இனிமே வண்டி மேல வராதுங்களா சார்?"

"வராதும்மா. பொடிநடைதானே? பேசிட்டே போனா ஊடு வந்துரும்."

"நீங்க நடந்திருக்கீங்களா?"

அண்ணன் மேலே ஏறும் சாலையைப் பார்த்தார். பிறந்து வளர்ந்து தாத்தாவும் ஆகிவிட்ட அதே ஊரில், கடைசிக் கடைக்கு அப்பால் அவர் கால் வைத்ததே இல்லை. யார் வைத்தோம்?

சால்வையை என் கையில் திணித்துவிட்டு, "வாங்கம்மா, போலாம்" என்று அவர்களோடு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். பக்தியால் அல்ல, அவர் பாதியில் திரும்புவார், அதைச் சொல்லியே ஆயுளுக்கும் கேலி செய்யலாம் என்றுதான். மழை பிடித்துக்கொண்டது. ஏற்றமோ நேரே நட்சத்திரங்களுக்குப் போவது போலிருந்தது. ஒரு திருப்பத்தில் காட்டெருமை ஒன்று சாலையை அடைத்து நின்றது. என் கணக்குப்படி எங்கள் சங்கக் கட்டடத்தைவிட அது கொஞ்சம் பெரியது. பெண்கள் பேச்சை நிறுத்தி, ஒருவரோடு ஒருவர் ஒட்டி நின்றார்கள். அது நகரும்வரை யாரும் அசையவில்லை.

"தெனமும் நிக்குமாம்மா?" என்று அண்ணன் கிசுகிசுத்தார்.

"நாங்க எங்க சார் பாத்தோம்? இத்தன நாளா வண்டியிலதான வந்தோம்" என்றார் அஞ்சலை.

மறுநாளே, வண்டியைப் பழையபடி மேலே விடச் சொல்லி அண்ணன் பணிமனைக்குப் போனார். "நீங்கதானே கேட்டீங்க?" என்று அதிகாரி சிரித்தார். "நாந்தானுங்க கேட்டேன். எங்க ஊரு எதுவரைக்கும்னு தெரியாமக் கேட்டுட்டேன்" என்றார் அண்ணன்.

கடைவீதி கொதித்தது. "செயலாளரு எஸ்டேட்டுக்கு மாறுதல் வாங்கிட்டாருங்க" என்று முடிதிருத்தும் கடையில் சிரித்தார்கள். "குளுருதுன்னா என்ர கடைக்கு வாங்க, ஸ்வெட்டர் இருக்குது" என்பார் அவர். அடுத்த சங்கத் தேர்தலில் தோற்றார். அதற்குள் மாலை வண்டி பழையபடி எஸ்டேட் வரை ஏறத் தொடங்கியிருந்தது. அந்த நாளைக் கொண்டாட யாரும் வரவில்லை. அண்ணன் மட்டும் கடை வாசலில் நின்று, வண்டி திரும்பாமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அவருடைய துணிச்சலை நான் எடுத்துக்கொண்டேன் என்று எழுதினால் அண்ணனே எழுந்து வந்து சிரிப்பார். அது எனக்கு வாய்க்கவில்லை. என்னிடம் தங்கியது சின்னப் பழக்கம் ஒன்றுதான். மாலை வண்டியில் வந்து கடைவீதியில் இறங்கியதும் நான் உடனே நடையைக் கட்டுவதில்லை. வண்டி மறுபடி கிளம்பும்வரை நின்று, உள்ளே இன்னும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.